மாதிரி விமானம்: பறக்கவிடுவதற்கு முன் கட்டக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரப் பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ரேடியோ கன்ட்ரோல் மாதிரி விமானப் பயிற்சி முகாம்கள் நடக்கும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் பார்க்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் பல முகாம்களில் பெட்டியில் வரும் கிட்டை அவசர அவசரமாக ஒட்டி மைதானத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஏறிய வேகத்தில் அது மூக்கைக் குத்துகிறது. ரிமோட் பிடித்த பையனுக்குக் கை பழகவில்லை என்று சொல்லி முகாமை முடித்துவிடுகிறார்கள். முதல் பறப்பிலேயே விழும் விமானத்தை எடுத்துப் பாருங்கள்: வால் கனமாக இருக்கும், அல்லது இறக்கை முறுக்கியிருக்கும், அல்லது மோட்டார் தாங்கி பசையிலிருந்து பிரிந்திருக்கும். மூன்றும் மேசையில் நடந்த தவறுகள். பையன் பாவம்.

கட்டும் வேலைக்கு வேண்டிய சாமானும் கைத்திறனும் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் கோவை என்று எல்லா மேடையிலும் பெருமை பேசுகிறோம். அந்த ஊரில் ஒரு தெர்மாகோல் இறக்கையை நேராக அறுக்கச் சொல்லித்தர ஆளில்லை என்றால் யாராவது நம்புவார்களா? முகாம் நடத்துவோருக்குப் பயன்படும் என்று சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் அளவு. தொடக்கக்காரருக்கு இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. போதும். பரப்பு 2,400 சதுர செ.மீ. பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 850 கிராமுக்குள் நிற்க வேண்டும். அந்த எடையில் விமானம் வேகம் ஏறக்குறைய மணிக்கு 25 கி.மீ.க்குக் குறையும் வரை மிதக்கும். அதற்குக் கீழே போனால் தாங்காது. அதே விமானம் 1,200 கிராம் ஆகிவிட்டால் அந்த வேகம் 30 கி.மீ. ஆகிவிடும். ஐந்து கி.மீ. தானே என்று தோன்றும். இறக்கும்போது கற்றுக்குட்டிக்கு அந்த ஐந்துதான் எமன். ஆகவே முகாமில் முதலில் வாங்க வேண்டிய கருவி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதி வைக்கட்டும்.

எடை ஏறும் வழிகளில் மோசமானது ஒன்று உண்டு. விளம்பரப் பலகைக் கடையில் போய் 'சன்போர்டு' கேட்டால் பெரும்பாலும் பிவிசி நுரைத்தகட்டைத் தருவார்கள். 5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவைத் தாண்டும். நமக்கு வேண்டியது இருபக்கமும் தாள் ஒட்டிய ஃபோம்போர்டு. அதே கனத்தில் அது அரைக் கிலோ அளவில் இருக்கும். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். உடற்பகுதியும் வாலும் இதில் செய்யலாம். வெட்ட, உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் பிளேடு கத்தி. நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை முனையை உடைத்துப் புது முனையால் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு நுரையை அறுக்காது, பிய்த்து எடுக்கும். ஒரே அழுத்தில் வெட்டாமல் தாள், நுரை, அடித்தாள் என்று மூன்று இழுப்பில் வெட்டினால் விளிம்பு செங்குத்தாக வரும்.

இனி இறக்கை. விமானத்தில் பாதி வேலை இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பொட்டலம் கட்ட வரும் தெர்மாகோல் பொலபொலவென்று உதிரும். குளிர்பதனக் கிடங்குச் சுவருக்கு அடிக்கும் தெர்மாகோலைக் கேட்டு வாங்குங்கள். கன மீட்டருக்கு 15 முதல் 18 கிலோ உள்ள ரகம். மேலே சொன்ன இறக்கை முழுவதும் அதில் 60 கிராம் சுமாருக்கு வந்துவிடும். அறுப்பது சூட்டுக்கம்பியால். கம்பி நைக்ரோம், 28 கேஜ், அதாவது 0.37 மி.மீ. தடிப்பு. கம்பியை வில் போன்ற ஒரு சட்டத்தில் நாணாக இழுத்துக் கட்ட வேண்டும். பாதி இறக்கை 60 செ.மீ. என்பதால் வில்லின் இரு முனைகளுக்கு நடுவே 70 செ.மீ. கம்பி வேண்டும். அதன் மின்தடை 7 ஓம் அளவில் இருக்கும். பழைய லேப்டாப் சார்ஜர், 19 வோல்ட் 65 வாட், இதற்குச் சரியாகப் பொருந்தும்: 2.7 ஆம்பியர் ஓடும், 50 வாட் சூடு கிடைக்கும். கம்பியைப் பாதியாகக் குறைத்து அதே சார்ஜரில் மாட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். சார்ஜர் அணைந்துவிடும் அல்லது புகையும். எக்காரணம் கொண்டும் வீட்டு 230 வோல்ட்டில் நேராகவோ டிம்மர் வழியாகவோ மாட்டக் கூடாது. தெர்மாகோல் உருகும் புகை மூச்சுக்கு ஆகாது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிடுங்கள்.

வில்லில் ஒரு முனைக்கு ஸ்பிரிங் கட்டாயம். சூடேறினால் 70 செ.மீ. கம்பி இரண்டரை, மூன்று மி.மீ. நீளும். மூன்று மி.மீ. என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் இல்லையென்றால் அந்த நீட்சி நடுவில் இரண்டரை செ.மீ. தொய்வாக மாறும். முனைகளில் சரியாகவும் நடுவில் குழிந்தும் இறக்கை வருவதற்குக் காரணம் இதுதான். சூடேறிய பிறகு கம்பியைச் சுண்டிப் பார்த்தால் நாதம் வர வேண்டும்.

இறக்கையின் வடிவத்துக்கு 'கிளார்க் ஒய்' எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொறியாளர் வர்ஜீனியஸ் கிளார்க் 1922-ல் வரைந்தது. அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால் மேசைமேல் வைத்துக் கட்ட இதைவிடத் தோதான வடிவம் இல்லை. 20 செ.மீ. அகலத்துக்கு வரைபடத் தாளில் குறிக்க வேண்டிய அளவுகள் இவை. முன்விளிம்பிலிருந்து 5 மி.மீ.யில் மேல்கோடு 13.0 மி.மீ. உயரம், கீழ்க்கோடு 2.9. அடுத்து 10 மி.மீ.யில் மேலே 15.8, கீழே 1.9. 20-ல் 19.2, கீழே 0.8. 40-ல் 22.7, கீழே ஏறக்குறைய சுழி. அதற்கப்புறம் அடிப்பக்கம் தட்டை. 60-ல் 23.4, இதுதான் உச்சம். 80-ல் 22.8, 100-ல் 21.0, 120-ல் 18.3, 140-ல் 14.7, 160-ல் 10.4, 180-ல் 5.6. மூக்கின் நுனி அடிக்கோட்டிலிருந்து 7 மி.மீ. உயரத்தில். புள்ளிகளை வளையும் பிளாஸ்டிக் பட்டையால் இணையுங்கள். கையால் இழுத்துக் கோடு போட்டால் மூக்கு சப்பையாகிவிடும்.

பின்விளிம்பு காகிதம் போல் மெலிவதால் தெர்மாகோலில் அதை அறுத்தெடுக்க முடியாது. சூட்டில் நெளிந்து கருகும். 185 மி.மீ.யோடு நிறுத்திவிட்டு, மீதி 15 மி.மீ.க்கு 4 மி.மீ. பால்சா (எடை குறைந்த மரம்) பட்டையை ஒட்டி ஆப்பு வடிவில் தேய்த்துக்கொள்ளுங்கள். வரைந்த வடிவத்தில் இரண்டு டெம்ப்ளேட்டை, அதாவது தெர்மாகோலின் இரு முனையிலும் நின்று சூட்டுக்கம்பிக்கு வழிகாட்டும் அச்சை, 1 மி.மீ. மைக்கா தகட்டில் வெட்டி, 220, 400 எண் உப்புத்தாள்களைப் போட்டு விளிம்பைக் கண்ணாடி போல் தேய்க்க வேண்டும். விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தால் கம்பி அங்கே தடுக்கி நிற்கும். நின்ற இடத்தில் இறக்கை முழுக்க ஒரு பள்ளம் விழும்.

பேட்டர்ன் பட்டறைக்காரர் ஒருவரை முகாமுக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லக் காரணம் இந்த இடம்தான். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்பவருக்கு ஒரு விளிம்பைக் கண்ணால் பார்த்தே அரை மி.மீ. மேடு பள்ளம் சொல்லத் தெரியும். ஒன்றை மட்டும் அவரிடம் ஞாபகப்படுத்திவிடுங்கள்: இரும்பு வார்ப்புக்கு அவர் வைத்திருக்கும் சுருக்க அளவுகோல் நூற்றுக்கு ஒன்று நீளமானது. அதை வைத்துக் குறித்தால் 20 செ.மீ. என்பது 20.2 ஆகிவிடும்.

அறுக்கும்போது ஆளுக்கு ஒரு முனையாக இருவர். இரண்டு டெம்ப்ளேட்டிலும் ஒன்று முதல் பத்து வரை கோடு போட்டு, ஒருவர் எண்ணைச் சொல்ல இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு செ.மீ.க்கு இரண்டு, மூன்று விநாடி. கம்பியை இழுக்கக் கூடாது. தன் சூட்டிலேயே அது நகர வேண்டும். வெளியே வரும்போது பின்னால் மெல்லிய நூலாம்படை போல் இழை தொங்கினால் சூடு சரி. வெட்டிய முகத்தில் வரிவரியாக அலை தெரிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். குண்டும் குழியுமாக உருகியிருந்தால் சூடு அதிகம். இன்னொன்று: கம்பியின் நடுப்பகுதி முனைகளைவிட எப்போதும் பின்தங்கியே வரும். டெம்ப்ளேட்டைப் பின்விளிம்புக்கு அப்பால் இரண்டு செ.மீ. நீட்டி வைத்து, முனைகள் அங்கே வந்து நின்றபின் நடுப்பகுதி வந்து சேரும்வரை பொறுத்திருங்கள்.

பாதி இறக்கை ஒவ்வொன்றிலும் முன்விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளி 6 மி.மீ. கார்பன் குழாயைப் பதியுங்கள். இரு பாதியையும் 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய, பக்கத்துக்கு 10 செ.மீ. நீளும் விரிந்த 'வி' தகடு இணைக்கும். ஐலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) இல்லாத, ரட்டரால் (நிற்கும் வாலில் அசையும் மடல்) திருப்பும் விமானத்துக்குப் பக்கத்துக்கு 5 பாகை தூக்கல் வேண்டும்; ஒரு பாதியை மேசையில் தட்டையாக அழுத்திவைத்து மறுபாதியின் நுனியைப் பத்தரை செ.மீ. உயர்த்தினால் அது கிடைக்கும். மேலே உறையாக அட்டைப்பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பே போதும், மொத்தம் 30 கிராம். ஒரு பக்கம் முழுவதும் ஒட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இழுவை ஏற்றத்தாழ்வாகி இறக்கை வில்லாக வளையும். கீழே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை என்று மாற்றி மாற்றி, இழுக்காமல் ஒட்டுங்கள்.

முறுக்கல் பார்க்க இரண்டு அலுமினியப் பட்டைகள் போதும். ஒன்றை நடுவிலும் ஒன்றை நுனியிலும் இறக்கையின் அடியில் வைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். தச்சர் பலகையின் கோணல் பார்க்கும் அதே முறை. இடது நுனிக்கும் வலது நுனிக்கும் பின்விளிம்பில் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஏறக்குறைய ஒரு பாகை; அந்த விமானம் கைவிட்டதும் ஒரு பக்கம் சாயும். எவ்வளவு தேர்ந்த கையும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடேற்றி, எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகும். அலுமினிய ஜன்னல் செய்யும் கடைகளில் துண்டு செக்‌ஷன் எடை போட்டுக் கிடைக்கும். 50 செ.மீ. துண்டில் 120 உப்புத்தாளை ஒட்டினால் அதுவே நல்ல தேய்ப்புக் கட்டை.

பசையில்தான் முகாம்கள் அதிகம் சறுக்குகின்றன. ஃபெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துவிடும். செருப்பு ஒட்டும் ரப்பர் பசையும் அப்படியே. வெள்ளைப் பசை கரைக்காது. ஆனால் இரண்டு நுரைக்கு நடுவே காற்றுப் புகாததால் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கார்பனையும் பிளைவுட்டையும் தெர்மாகோலோடு ஒட்ட இரண்டு குழாய் கலக்கும் அரால்டைட் சரி, மெதுவாக இறுகும் ரகமாக இருக்கட்டும். பசைத் துப்பாக்கியை ஃபோம்போர்டுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு குச்சியே 15 கிராமுக்கு மேல் வரும். பிள்ளைகள் வாலில் ஒரு குச்சியைக் காலி செய்துவிட்டு எல்லாம் உறுதியாக இருக்கிறது என்பார்கள். தவிர, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இரண்டு மணி நேரம் இருந்தால் அந்தப் பசை இளகும். மோட்டார் தாங்கியை அதை மட்டும் நம்பி ஒட்டவே கூடாது. பிளைவுட் தகடு, திருகு, அடியில் அரால்டைட்.

வால் கனத்தின் கணக்கு எளிது. சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. பின்னாலும், மூக்கு 22 செ.மீ. முன்னாலும் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 27 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வாலுக்குப் பசையைத் துளித்துளியாக வையுங்கள் என்கிறோம். படுக்கை வால் 42 செ.மீ.க்கு 12 செ.மீ. போதும், இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லாம் மாட்டி, பேட்டரியும் வைத்த பிறகு, முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் இரு விரலால் தாங்கினால் விமானம் கிடையாக, மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். முதல் பறப்புக்கு 5 செ.மீ. பக்கமாகவே வையுங்கள். மூக்கு கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும். வால் கனத்தால் பறக்கவே பறக்காது.

இறக்கையை உடலோடு ரப்பர் பேண்டால் கட்டுங்கள், திருகு வேண்டாம். மோதினால் கழன்று தனியே விழும், உடையாது. வெயிலில் வெடித்த பழைய பேண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் புதிது எட்டு. கட்டிய பின் வாலின் நடுவிலிருந்து இரு இறக்கை நுனிக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும்.

மின்சாமான் பற்றிச் சுருக்கமாக. 2212 ரக மோட்டார் 1000 கேவி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 10-க்கு 4.5 அங்குல ப்ராப் (சுழலும் காற்றாடி), மூன்று செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), வாலின் மடல்களை அசைக்க இரண்டு 9 கிராம் சர்வோ. இந்த மோட்டார் 2200 கேவியிலும் வரும். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கி அதே 10 அங்குல ப்ராப்பை மாட்டுகிறவர்கள் உண்டு. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. அவ்வளவு வேகத்துக்கு அது 6 அங்குல ப்ராப்புக்கானது. பெரியதை மாட்டினால் மின்னோட்டம் எகிறி ஈ.எஸ்.சி. புகையும். ரீவைண்டிங் கடைத் தெருக்காரர்களுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதேனும் இரண்டை மாற்றிச் சொருகினால் போதும். மோட்டாரை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டிரண்டு பாகை சாய்த்துப் பொருத்த மறக்காதீர்கள். மேசையில் சோதிக்கும்போதெல்லாம் ப்ராப் கழற்றப்பட்டிருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. ரிசீவரின் ஆன்டெனாவைக் கார்பன் குழாயை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள், சிக்னலை அது மறைக்கும். சர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பி 1.2 மி.மீ. ஸ்டீல் போதும், 10 செ.மீ.க்கு ஒரு பிடி வைத்தால் வளையாது. சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் கம்பி கனம்.

லிப்போவை 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், ஆளில்லாத அறையில் செய்யவே செய்யாதீர்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்வரை பறக்கவிடக் கூடாது. இந்த விமானத்துக்கு எட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுவது நல்லது. பள்ளிகளில் பேட்டரி ஊதிப்போகப் பெரிய காரணம் கோடை விடுமுறை. ஏப்ரலில் முழுச் சார்ஜோடு அலமாரியில் பூட்டிவிட்டு ஜூனில் திறக்கிறார்கள். செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அப்படி ஆகாது. ஊதியதை ஊசியால் குத்திப் பார்க்கும் ஆர்வக்கோளாறு மட்டும் வேண்டாம்.

பறக்கவிடும் இடம், நேரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேற்குக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. நம் விமானம் மிதக்கும் வேகமே 25 கி.மீ. என்பதால் காற்று 15 கி.மீ.யைத் தாண்டினால் பெட்டியில் வைத்துவிடுங்கள். மற்ற மாதங்களில் விடிந்ததும் இரண்டு மணி நேரம் நல்ல நேரம். காங்கேயம் பக்கம் கொழுக்கட்டைப்புல் விளைந்த கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இறங்குவதற்கு மெத்தை. காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாடு மேயாத நேரத்தில், கிளுவை வேலியை விட்டுத் தள்ளி. தென்னந்தோப்பும் மின்கம்பியும் பக்கத்தில் வேண்டாம். மோட்டாரைப் போடுவதற்கு முன், காற்றை எதிர்த்து நின்று கைமட்டத்தில் மெல்லத் தள்ளி மிதக்கவிடுங்கள். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் வால் கனம். நேரே குத்தினால் மூக்கு கனம். பேட்டரியை முன்பின் நகர்த்திச் சரிசெய்துவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

சட்டமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்த டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கும் பொருந்தும். 25 கிலோவுக்குள், கண்பார்வைக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ பறக்கவிடுவதை அவை தனி வகையாக வைக்கின்றன. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் 200 அடி வரைதான். அதற்கும் நெருங்கினால் அனுமதி வேண்டும். பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம், சேலத்தில் ஓமலூர் நிலையம் ஆகியவற்றின் பக்கத்துப் பள்ளிகள் மைதானம் நம்முடையதுதானே என்று இருந்துவிடாமல் 'டிஜிட்டல் ஸ்கை' என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்யட்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். மேலே கொடுத்த இறக்கை வடிவத்தைத் தங்கள் சிறுவர் இணைப்பில் முழு அளவில், 20 செ.மீ. அகலமாகவே அச்சிட்டுத் தாருங்கள். நாளிதழின் பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கும். பக்க அமைப்பில் படத்தைச் சுருக்கிவிடும் வழக்கம் இருப்பதால், பக்கத்திலேயே 10 செ.மீ. கோடு ஒன்றையும் போடுங்கள். பிள்ளைகள் ஸ்கேலை வைத்து அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மைக்காவில் ஒட்டி வெட்டட்டும்.

இப்படிக்கு,
மாதிரி விமானம் கட்டுவோர் சிலர்,
கோயம்புத்தூர்